அறுவைக்கு வசூல் உண்டு, பாலுக்கு ஏன் இல்லை?



அந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் பழகிப்போன ஒன்று. மூக்கில் குழாய் செருகிய பச்சிளங்குழந்தையின் படம். ‘பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை, அறுவைச் சிகிச்சைக்கு இத்தனை இலட்சம் தேவை, அல்லாஹ்வுக்காக உதவுங்கள்’ என்ற வேண்டுகோள். அடியில் ஒரு வங்கிக் கணக்கு எண். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் அன்றிரவே அனுப்பிவிடுகிறார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் துண்டு விரிக்கப்படுகிறது. தொகை சேர்ந்துவிடுகிறது. இந்த ஈகைக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அதைக் குறைகூற நாம் எழுதவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் எவர் வாயிலும் வருவதில்லை. அறுவை மேசைக்குப் போகும் முன்பு கழிந்த அத்தனை மாதங்களும் அந்தக் குழந்தை எதைக் குடித்தது, எவ்வளவு குடித்தது, அதற்குப் பால் கொடுத்தவள் என்ன சாப்பிட்டாள்?

வெளிப்படையாகவே சொல்கிறோம். சமுதாயத்தின் பணம் இடம் மாறிக் கொட்டப்படுகிறது. அரசு ஏற்றுக்கொள்ளும் செலவுக்கு ஊர் கூடி வசூல் நடக்கிறது. எவரும் ஏற்காத செலவு ஓர் ஏழைத் தாயின் தலையில் விடப்படுகிறது.

தமிழ்நாட்டில் சிறாரின் இருதய அறுவைக்கென்றே 2008இல் அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அது ஏற்கிறது. பிறவி இருதயக் கோளாறுகளுக்கான அறுவைகளும் அதில் அடங்கும். இவை போக, 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் ஆண்டில் இருமுறை அங்கன்வாடிகளுக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அவர்கள் தேடும் நோய்களின் பட்டியலில் பிறவி இருதய நோயும் உண்டு. எல்லாச் செலவும் இவற்றால் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சிக்கலான அறுவைகளில் மிச்சம் விழத்தான் செய்யும். அந்த மிச்சத்துக்கு வசூலியுங்கள். ஆனால் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்கும் முன்பே இலட்சங்களை அறிவிக்கும் வழக்கம் எதற்கு? பணம் கட்டி அறுவை செய்வதுதான் உயர்ந்த சிகிச்சை என்ற எண்ணமும் நம்மவரிடம் இருக்கிறது. அது வேறு கதை.

இனி, எவரும் ஏற்காத செலவைப் பார்ப்போம். அது ஏன் ஏற்படுகிறது என்று புரிந்துகொள்ள, அந்தச் சின்ன நெஞ்சுக்குள் நடப்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

இருதயத்தின் இடக்கீழறைக்கும் வலக்கீழறைக்கும் நடுவிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், உடலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி மறுபடியும் நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. நுரையீரல் நனைந்த பஞ்சுபோல் கனத்துப்போகிறது. குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. இருதயம் இருமடங்கு உழைக்கிறது. படுத்திருக்கும்போதே அந்த உடல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவனுக்குச் சோறு அதிகம் வேண்டும் அல்லவா? நலமான கைக்குழந்தைக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி போதும். இப்படிப்பட்ட குழந்தைக்கு 120 முதல் 150 கலோரி வரை தேவைப்படுகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு கிலோ எடையுள்ள நலமான குழந்தை நாளொன்றுக்கு 600 மில்லி பால் குடித்தால் அதற்கு 400 கலோரி கிடைத்துவிடுகிறது, அது வளரும். அதே எடையுள்ள இருதய நோய்க் குழந்தைக்கு 600 கலோரி வேண்டுமென்றால் ஏறத்தாழ 900 மில்லி பால் குடிக்க வேண்டும். அதுவோ 300 மில்லி குடிப்பதற்குள் வியர்த்துக் களைத்துத் தூங்கிவிடுகிறது. பால் குடிப்பதுதான் கைக்குழந்தைக்கு மலையேற்றம். நான்கு முறை உறிஞ்சும், நிறுத்தும், மூச்சு வாங்கும். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். பிறகு வாயை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிவிடும். தேவை அதிகம், உட்செல்வது குறைவு. இந்த இடைவெளியில்தான் பிள்ளை நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகிறது. இதற்கு மேல், நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று மருத்துவர் பாலின் அளவையும் சில வேளை கட்டுப்படுத்துவார். அப்போது குறைந்த அளவுக்குள் அதிகச் சத்தை எப்படி ஏற்றுவது என்பதே சிகிச்சையாகிவிடுகிறது.

கொச்சி அமிர்தா மருத்துவமனையின் மருத்துவர்கள் பிறவி இருதய நோயுடன் வந்த 476 குழந்தைகளைப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 59 பேர் வயதுக்குரிய எடையில் மிகவும் பின்தங்கியிருந்தனர். பாதிக்கும் மேல்! அறுவைக்குப் பின் பலர் தேறினர், எல்லாரும் அல்லர். மெலிந்துபோய் அறுவைக்குச் செல்லும் குழந்தைக்குத் தொற்று எளிதில் ஏற்படுகிறது, புண் ஆறத் தாமதமாகிறது, செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் நாள்கள் கூடுகின்றன. நாம் இலட்சங்கள் திரட்டி அனுப்பிய அறுவை, பால் இல்லாத காரணத்தால் தோற்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

இதற்கெல்லாம் நம் வீடுகள் தரும் விடை என்ன? ‘அவளுக்குப் பால் பத்தவில்லை.’ இந்த ஒரே வாக்கியத்தால் எத்தனை மருமகள்கள் நொறுங்கிப்போயிருக்கிறார்கள்! நடப்பதோ நேர்மாறானது. குழந்தை களைத்துப்போய்ச் சரியாக உறிஞ்சாததால் மார்பில் பால் தங்குகிறது. தங்கினால் சுரப்பு குறைகிறது. மாமியார் சொன்ன சொல் ஒரு மாதத்தில் மெய்யாகிவிடுகிறது. பிறகு ஆளாளுக்கு மருத்துவர். ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறார். ஒருவர் கிரைப் வாட்டர் வாங்கி வருகிறார். மற்றொருவர் மாட்டுப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி, ‘பிள்ளைக்குச் செரிக்க வேண்டாமா’ என்கிறார். கலோரிக்கு ஏங்கும் குழந்தைக்குத் தண்ணீர் கலந்த பால்! ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கோ தெளிந்த கஞ்சித் தண்ணீரும், தேநீரில் நனைத்த பிஸ்கட்டும். வயிறு நிரம்பிவிடுகிறது, உடலுக்கு ஒன்றும் சேர்வதில்லை.

கண்ணேறு பட்டுவிட்டது என்பது அடுத்த விடை. கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஓதிப் பாருங்கள். ஓதிய கையோடு தராசிலும் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை எடை ஏற வேண்டும். வாரக்கணக்கில் ஏறாமல் நின்றால், ஒரு வேளைப் பால் குடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனால், குடிக்கும்போது வியர்த்தால், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்குக் கீழ் குழி விழுந்தால், அழும்போது உதடும் நாக்கும் நீலம் பாரித்தால், கழுத்தில் தாயத்துக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர் அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார். நோயை இறக்கிய இறைவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான், எனவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. தாயத்தைக் கடைசி நம்பிக்கையாகப் பற்றிக்கொண்டு மருத்துவரைத் தள்ளிப்போடுவது அந்த வழியா?

தள்ளிப்போடுதலில் இன்னொரு வகையும் உண்டு. ‘எடை கூடட்டும், பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொன்னதைச் சில குடும்பங்கள் ‘ஒரு வருடம் கழித்து வா’ என்று புரிந்துகொள்கின்றன. அப்படி அவர் சொல்லவில்லை. எடையைக் கூட்டும் வேலையைத் தொடங்கு, நான் கண்காணிக்கிறேன் என்பதே அதன் கருத்து. எடை குறைவாக இருந்தாலும் உரிய காலத்தில் அறுவை செய்துவிடும் மருத்துவமனைகள் இன்று உண்டு. முடிவு மருத்துவருடையது, அத்தையுடையதோ பெரியப்பாவுடையதோ அல்ல. பெரிய ஓட்டையைக் கவனிக்காமல் விட்டால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதன்பின் ஓட்டையை அடைக்கவே இயலாத நிலை வரும். கோடி ரூபாய் திரட்டினாலும் அந்தக் கதவு திறக்காது.

வாலிகண்டபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே ஓடுகிறது. இரவு முழுக்க வண்டிகளின் இரைச்சல். ஆனால் கைக்குழந்தையுடன் ஏறி இறங்கும் தாய்க்குத் திருச்சி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி பூமி இது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பில் தெரியும். பரிசோதனைக்குப் போகும் நாளில் இருவருக்குப் பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, வழியில் சாப்பாடு, வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். இவற்றோடு, தாய்க்கு முட்டையும் பருப்பும் பாலும் மீனும். எந்தக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் இவை கிடைக்கும்? ஆகவே முதலில் பரிசோதனை நிற்கிறது. அடுத்து, எவர் கண்ணுக்கும் படாமல், அவளுடைய தட்டு சுருங்குகிறது.

அவள் தட்டைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். பத்தியம் என்ற பெயரில் கீரை ஆகாது, முட்டை ஆகாது, தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்று பிள்ளை பெற்றவளை வாட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. இது மார்க்கம் அன்று. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பு என்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்குத் துன்பம் இழைக்கலாகாது என்கிறது. தந்தை இல்லாவிட்டால் வாரிசுக்கும் அதே பொறுப்பு என்கிறது. கணவன் ரியாதில் இருந்துகொண்டு பணம் அனுப்பினால் மட்டும் இந்தக் கடமை நிறைவேறிவிடாது. அந்தப் பணம் அவள் தட்டுக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடங்கும். ரமளானில் பாலூட்டும் தாய்க்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை ஹதீஸில் இருக்கிறது. நோயாளிக் குழந்தையின் தாய் அந்தச் சலுகையைப் பயன்படுத்தினால் அடுத்த வீட்டில் முணுமுணுக்கிறார்கள். அல்லாஹ் கொடுத்த சலுகைக்கு முகம் சுளிக்க இவர்கள் யார்?

மருத்துவமனையில் சொல்லிக்கொடுக்கும் வழிகள் எளியவைதாம். ஆனால் ஆள்பலம் கேட்பவை. இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். களைத்த குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையால் கொடுக்க வேண்டும். முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். அந்தப் பின்பால் வீணாகக்கூடாது. அதுவும் முடியாதபோது மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி இரைப்பைக்கே பாலை அனுப்புகிறார்கள். குழாயைக் கண்டதும் ‘பிள்ளை முடிந்தது’ என்று ஒப்பாரி வைத்து அதைப் பிடுங்கிவிடும் உறவினர்களைப் பற்றி என்ன சொல்வது! பிள்ளையின் மூச்சை மிச்சப்படுத்தத்தான் அந்தக் குழாய். ஆறு மாதம் கடந்ததும் கெட்டியான பருப்புச் சோறு, நெய், மசித்த வாழைப்பழம், நன்றாக வெந்த முட்டை மஞ்சள். கரண்டியைக் கவிழ்த்தால் ஒழுகாத பதம். பாலில் எண்ணெய் சேர்ப்பதும், மாவுப்பாலைக் கெட்டியாகக் கலப்பதும் மருத்துவர் அளவு சொன்னால் மட்டுமே. தானாகச் செய்தால் வயிற்றுப்போக்கு வரும். அது இருதய நோய்க் குழந்தைக்கு இரட்டை ஆபத்து. பால் பீய்ச்ச, கொதிநீரில் பாத்திரம் அலச, புகட்ட, மீண்டும் பீய்ச்ச என்று ஒரு நாளில் எட்டு, பத்து முறை. இவ்வளவையும் ஒருத்தி செய்துகொண்டு, வீட்டாருக்கும் சமைத்து, ஏச்சும் வாங்கவேண்டுமா?

‘அரசாங்கம்தான் சத்துமாவு தருகிறதே’ என்பார்கள். தருகிறது. அந்த மாவை மாட்டுத் தொட்டியில் கரைக்கும் வீடுகள் எவை என்பதும் ஊருக்குத் தெரியும். அங்கன்வாடிக்குப் போவது கௌரவக் குறைவு என்று கருதும் குடும்பத்தின் பிள்ளைக்கு எடை பார்ப்பது யார்? 2022 மே மாதம் உதகையில் தொடங்கப்பட்ட ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம், 2024 நவம்பர் 15 அன்று நம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் வாரணவாசியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கடுமையாக மெலிந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்குவது அதன் நோக்கம். குழந்தைக்குச் சத்து வேண்டுமென்றால் தாய்க்குச் சாப்பாடு கொடு என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் தராசில் வைக்கப்படாத குழந்தை எந்தப் பட்டியலிலும் ஏறாது. பெட்டகமும் ஒருநாள் தீரும். இருதய நோய்க் குழந்தையின் தேவை மாதக்கணக்கில் தொடரும்.

இந்த இடத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே அரசு உதவித்தொகை என்ற ஏற்பாடு அப்போது மதீனாவில் இருந்தது. ஓர் இரவில் இடைவிடாமல் அழுத குழந்தையின் தாயிடம் காரணம் கேட்டபோது, தொகை கிடைக்கவேண்டுமென்று காலத்துக்கு முன்பே பாலை நிறுத்த முயல்வதாக, கேட்பவர் யாரென்று அறியாமலே அவள் சொன்னாள். அவர் கலங்கிப்போனார். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு, அவசரப்பட்டுப் பாலை நிறுத்தாதீர்கள் என்று அறிவிக்கச் செய்தார். ஆக, கைக்குழந்தையின் பாலுக்காகப் பைத்துல்மால் திறந்தது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் ஊர்ப் பைத்துல்மால்களுக்கு மட்டும் அது எப்படி மறந்துபோனது?

ஜகாத்தை முட்டைக்கும் பேருந்துக்கும் கொடுக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரைச் சொல்லும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஏழைகளையும் வறியவர்களையும் கொண்டுதான் தொடங்குகிறது. அந்தத் தாய் ஏழை என்றால் பணம் அவளுடையது. அதைக்கொண்டு அவள் முட்டை வாங்குவாள். ஜகாத் வரம்புக்குள் வராத குடும்பத்துக்கு ஸதகா இருக்கிறது. ஐயம் தீராதவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். தயக்கத்தைக் காரணம் காட்டிப் பையை மூடிக்கொள்ள வேண்டாம். ஒரு வலீமாவில் மிஞ்சிப்போய்க் குழியில் கொட்டப்படும் பிரியாணிக்கு எவரும் ஃபத்வா கேட்பதில்லை.

ஆற்றல் இல்லாத சமுதாயம் அல்ல இது. முப்பது நாளும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சி, கேட்டு வருகிற எல்லாருக்கும், மாற்று மதத்து அண்டை வீட்டாருக்கும் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுக்கிற கூட்டம் இது. இரத்தம் வேண்டுமென்றால் நள்ளிரவில் ஓடுகிற இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்கள் இருக்கிறார்கள். பெண்கள் தம் குறைகளை மனம்விட்டுச் சொல்வது அவர்களிடம்தான். மத்ரஸாவில் குழந்தை எடை பார்க்கும் தராசு ஒன்றும், எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை ஒரு ஆலிமா எடையைக் குறித்து, ஏறாத பிள்ளையை அங்கன்வாடிக்கும் மருத்துவருக்கும் அனுப்பிவைக்க முடியும். காப்பீட்டு அட்டைக்கு அலைய ஓர் இளைஞர் முன்வரலாம். இரவுப்பாலை மாற்றிப் புகட்ட, பாத்திரம் அலச, பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து வரலாம். துஆச் செய்யச் சொல்லி அனுப்பப்படும் குரல்பதிவுகளைவிட அந்தத் தாய்க்கு இரண்டு மணி நேரத் தூக்கம் பெரிது.

முத்தவல்லிகளிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, ‘மருத்துவ உதவி’ என்ற தலைப்புக்குக் கீழே ‘பாலும் பயணமும்’ என்று ஒரு வரி இருக்கட்டும். அதற்கு நேரே ஒரு தொகை எழுதப்படட்டும். எழுதப்படாவிட்டால், கூட்டத்தில் இருக்கும் எவரேனும் எழுந்து, ஏன் இல்லை என்று கேட்கட்டும்.